புளித்தல்

சித்தூர் வீடுகளில் தோசை மாவு பொங்கினால் தமிழில் ‘புளித்தது’ என்பார்கள், தெலுங்கில் ‘புலிசிந்தி’. இரண்டுக்கும் வேர் ஒன்று, புளிப்புச் சுவை. பாடநூல்களில் இச்செயலுக்கு ‘நொதித்தல்’ என்று பெயர். ஆனால் புற்றுச் செல்லின் இயல்பை விளக்கப் ‘புளித்தல்’ என்ற சொல்லே பொருந்தும் என்பேன். நலமான செல் ஆக்சிஜனைக் கொண்டு குளுக்கோஸை முழுதும் எரித்து, ஒரு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறுகளைப் பெறுகிறது. பல புற்றுச் செல்களோ ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸில் பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. அதில் கிடைப்பது 2 ஏடிபி மட்டுமே. 1920களில் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டது இதைத்தான். தயிரைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான்.

மாவைப் புளிக்க வைப்பவை நுண்ணுயிர்கள், புற்றுக் கட்டியில் அவை ஏது என்று கேட்கலாம். சொல் குறிப்பது விளைவை, செய்பவரை அல்ல. வேகமாக ஓடுபவரின் தசையிலும் இவ்வமிலம் ஊறுகிறது. புளித்த உணவு புற்றைத் தரும் என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. உணவின் புளிப்புக்கும் செல்லின் இந்த இயல்புக்கும் தொடர்பில்லை. செல்லின் சுவாசம் பழுதானதே புற்றுக்குக் காரணம் என்ற வார்பர்க்கின் முடிவும் நிலைக்கவில்லை. பெரும்பாலான கட்டிகளில் அச்சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியா இயங்கவே செய்கிறது. பின் ஏன் இந்தப் புளிப்பு? பெருகும் செல்லுக்கு ஆற்றலோடு கட்டுமானப் பொருளும் தேவை. குளுக்கோஸின் கார்பன் அதற்கும் போகிறது. இந்தச் சர்க்கரைப் பசிதான் திருப்பதி சுவிம்ஸ் போன்ற மருத்துவமனைகளில் எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு அடிப்படை: கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற பொருளைக் கட்டி மிகுதியாக உறிஞ்சி, படத்தில் ஒளிர்கிறது.