சாங்கி சிறையில் தைக்கப்பட்ட பெயர்கள்

ஆபீஸ்ல யாராவது வேலையை விட்டுப் போனால் ஒரு பெரிய அட்டை மேசை மேசையாகச் சுற்றி வரும். காலியான ஒரு மூலை பார்த்து 'ஆல் தி பெஸ்ட்' எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவோம். போகிறவர் எல்லாப் பெயரையும் படிப்பாரா என்பது சந்தேகம்தான். 1942ல் இதே சிங்கப்பூரில், பெயர்களைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே துணியில் இப்படி ஒன்றைச் செய்தார்கள்.

பிப்ரவரி 15, 1942 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்தது. மார்ச் மாதம், பெரும்பாலும் ஐரோப்பியர்களான பொதுமக்கள் சாங்கி சிறைக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 600 பேருக்காகக் கட்டிய சிறையில் ஏறக்குறைய 2,400 பேர். அதில் பெண்களும் குழந்தைகளும் 400 பேர் அளவில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பேசக்கூடாது, கடிதம் கூடாது. படையில் இருந்த கணவன்மார்கள் பக்கத்து ராணுவ முகாம்களில். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது இரண்டு பக்கமும் தெரியாது.

எத்தல் மல்வேனி என்ற கனடாப் பெண் ஒரு வழி கண்டார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. உன்னைப் பற்றி ஏதாவது தை, கீழே உன் பெயரையும் தை. அவ்வளவுதான். பூ, கப்பல், சிறை அறை, வெற்றிக்கான 'வி' என்று ஆளாளுக்குத் தைத்தார்கள். 66 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. ஆங்கிலத்தில் குவில்ட் என்போமே, அது. இப்படி மூன்று. ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு, மூன்றாவது ஜப்பானியர்களுக்கு. அந்த மூன்றாவதைக் காட்டித்தான் மற்ற இரண்டுக்கும் அனுமதி வாங்கினார்கள் என்று சொல்வதுண்டு.

போர்வை ராணுவ மருத்துவமனைக்குப் போனது. ஒரு சதுரத்தில் மனைவியின் பெயரைப் பார்த்தால் போதும்: அவள் இருக்கிறாள். பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இது ஒரு தகவல் அமைப்பாகத்தான் தெரிகிறது. காவலர் கண்ணுக்கு அது வெறும் தையல். 'பொம்பளைங்க கைவேலை' என்ற இளக்காரமே அதற்கு மறைப்பாக உதவியது.

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கத்தில் ஆண்டு 2602 என்று இருக்கிறது. ஜப்பானியக் கணக்கில் அது 1942. போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுங்கள் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. கூடவே, டிரை கிளீன் செய்வது நல்லது என்று ஒரு குறிப்பு! சிறையில் உட்கார்ந்துகொண்டு, போர் முடிந்த பிறகு துணியை எப்படித் துவைப்பது என்று யோசித்திருக்கிறார்கள். இதைவிட உறுதியான நம்பிக்கையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதே சிறையில் சிறுமிகளும் ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். தங்கள் சாரணியர் குழுவை நடத்திய எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக. அது இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியவர்கள் தைத்ததில் பிரிட்டிஷ் போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம். மற்ற இரண்டும் கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில்.

இதே ஆண்டுகளில்தான் மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அங்கே செத்த நேசநாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் போட்ட ஒரு கல்கூட இல்லை. தோட்டத்தில் காத்திருந்த மனைவிக்கும் எந்தத் துணியும் வரவில்லை. சாங்கிப் பெண்கள் பட்டதும் துன்பம்தான். ஆனால் அவர்களிடம் ஊசியும் நூலும் எழுத்தும் இருந்தன, பின்னால் அதைப் பாதுகாக்க நிறுவனங்களும் இருந்தன. யாருடைய பெயர் மிஞ்சும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

உங்கள் வீட்டுப் பாட்டி, 'சயாமுக்குப் போன எங்க மாமா' என்று எப்போதாவது பேச்சை எடுத்தால், நிறுத்திக் கேளுங்கள். என்ன பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம். கேட்டதை உடனே எழுதி வையுங்கள். கையில் கிடைக்கிற தாள் போதும்.