சீட்டுக் காசு

எனக்குப் பத்து வயதில் தாத்தா ஒரு காசு கொடுத்தார். நீலகிரியில் வெள்ளைக்காரத் துரைகள் கூடும் கிளப் ஒன்றில் பட்லராக இருந்தவர். "சீட்டுக் காசுடா, தொலைச்சிடாதே" என்றார். மஞ்சள் நிறம், பவுன் அளவு. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் குதிரைக்காரன், குதிரையின் காலடியில் டிராகன். அத்தையின் சங்கிலியில் தொங்கிய பவுனிலும் குதிரையும் டிராகனும் இருந்தன. சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் தாத்தா பவுன் வாங்கியிருக்கிறார் என்று வீடே முடிவு செய்தது. என் ஓட்டைக் காலணாக்கள் கிடந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் அது மட்டும் துணி சுற்றி இருந்தது.

அக்கா கல்யாணத்தின்போது அப்பா அதைப் பத்தரிடம் கொண்டுபோனார். உரைகல்லில் ஒரே இழுப்பு. "பித்தளை சார்." அசல் சவரன் 7.98 கிராம், நாம் 8 கிராமை ஒரு சவரன் என்பது அதனால்தான். இது அதில் பாதிகூடத் தேறவில்லை. தாத்தா அப்போது உயிரோடு இல்லை. துரைகள் அவரை ஏமாற்றிவிட்டதாகப் பேச்சு.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சவரனில் இருப்பவர் புனித ஜார்ஜ். தலைக்கவசமும் தோளில் ஒரு துணியும் தவிர வெற்றுடம்பு. என் காசுக்காரன் முழு உடுப்பில் இருந்தான். மேலே ஆங்கிலத்தில் 'டு ஹானோவர்', கீழே 1837.

அந்த ஆண்டு ஜூனில் நான்காம் வில்லியம் இறந்தார். 1714 முதல் பிரிட்டனுக்கும் ஜெர்மனியின் ஹானோவருக்கும் ஒரே அரசர். ஆனால் ஹானோவரில் ஆண் வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. பெரியப்பாவின் பிரிட்டன் 18 வயது விக்டோரியாவுக்கு வந்தது. ஹானோவர் அவருடைய சித்தப்பா, கம்பர்லாந்து கோமகன் எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போனது. கத்தோலிக்கர்களுக்கு உரிமை தருவதை எதிர்த்த மனிதர். லண்டனில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. விக்டோரியாவுக்குக் குழந்தை பிறக்கும்வரை அடுத்த வாரிசும் அவரே, அந்தப் பயம் வேறு. 'ஹானோவருக்கே போய்த் தொலை' என்று வழியனுப்பும் கேலிதான் இந்தக் காசு. போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். எதிர்த்த கோட்டிங்கன் பேராசிரியர்கள் ஏழு பேரை அதே ஆண்டு வேலையை விட்டு நீக்கினார். அவர்களில் இருவர், நாம் பள்ளியில் கதை படித்த கிரிம் சகோதரர்கள்!

கேலி பழசான பிறகும் காசு நிற்கவில்லை. பர்மிங்காம் பட்டறைகள் பல பத்தாண்டுகள் அடித்துத் தள்ளின. விஸ்ட் போன்ற சீட்டாட்டங்களில் பணத்துக்குப் பதிலாக மேஜையில் வைக்கவும், புள்ளி எண்ணவும் இவைதான். காசு பிறந்தபோது சவரனில் கேடயம்தான் இருந்தது. 1871இல் குதிரை சவரனுக்குத் திரும்பியது. மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அரையிருட்டில் சவரன் என்று தள்ளிவிட்டார்கள். நாணயம்போல் தோன்றும் வில்லைகளைத் தடுக்க 1883இல் பிரிட்டனில் சட்டமே வந்தது.

ஆக, தாத்தா சொன்னது சரி. துரைகள் மேஜையில் பரப்பிய சீட்டுக்கான காசு அது. நாங்கள்தான் ஏலச்சீட்டு என்று கேட்டுக்கொண்டோம்.

அத்தைக்கு இப்போது 88 வயது. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தச் சீட்டுன்னு எங்கப்பா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.