திரைப்படத்தில் துன்பியல்

மதிப்புக்குரிய ஒருவர் தாமே எடுத்த முடிவினால் வீழ்ந்து, அந்த வீழ்ச்சியில் தம் பங்கு என்ன என்பதைத் தாமே உணரும்படி அமைந்த திரைக்கதையைத் துன்பியல் என்கிறோம். அவலம் என்ற சொல்லும் இதே பொருளில் வழங்குகிறது. அழவைக்கும் படங்கள் எல்லாம் இந்த வகையில் சேருவதில்லை. கடைசிக் காட்சியில் சாவு வந்தால்தான் துன்பியல் என்ற கணக்கும் கிடையாது.

பேச்சு வழக்கிலும் செய்தித்தாளிலும் எந்தப் பேரிழப்பையும் சோகம் என்றே சொல்கிறோம். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வேலைக்குப் போனவர் வீடு திரும்பாத அந்தத் துயரத்துக்கு எந்த இலக்கியப் பெயரும் தேவையில்லை. துன்பியல் என்ற பெயரைப் பெறாததால் அந்தத் துயரம் குறைந்துவிடுவதும் இல்லை. இலக்கியத்தில் இந்தச் சொல் துயரத்தின் அளவைக் குறிக்க வந்ததன்று. அது கதை கட்டப்பட்டிருக்கும் விதத்தைச் சொல்கிறது.

கிரேக்க வரையறை

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதிய கவிதையியல்தான் இந்த விவாதத்தின் தொடக்கம். அவர் பார்த்தவை ஏதென்சு நகர மேடை நாடகங்கள். ஆனாலும் அவர் கேட்ட கேள்விகள் திரைப்படத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. யார் வீழ்ந்தால் நமக்கு இரக்கமும் அச்சமும் ஒருசேர வரும்? குற்றமே இல்லாத நல்லவர் வீழ்ந்தால் மனம் கொதிக்கிறது. கொடியவர் வீழ்ந்தால் ஆறுதல் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனிதர், கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல் ஒரு பெரிய தவறைச் செய்து வீழும்போதுதான் அந்த இரண்டு உணர்ச்சிகளும் சேர்ந்து எழும் என்றார் அவர். அந்தத் தவறுக்கு அவர் பயன்படுத்திய சொல் ஹமார்ட்டியா. எய்த அம்பு இலக்கைத் தவறவிடுவதைக் குறித்த சொல் அது. குணக்கேடு என்று அதை மொழிபெயர்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அம்பு எய்தவருக்குக் கையும் கண்ணும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இதனோடு அவர் இன்னும் இரண்டைச் சேர்த்தார். ஒன்று திருப்பம்: நன்மையை நாடிச் செய்த செயலே நேர்மாறான விளைவைத் தருவது. இன்னொன்று அறிதல்: தெரியாமல் இருந்தது தெரிய வருவது. ஈடிப்பசு நாடகத்தில் மன்னனின் அச்சத்தைப் போக்க வந்த தூதன் சொல்லும் செய்தியே அவனுடைய பிறப்பின் உண்மையை வெளியே கொண்டு வருகிறது. திருப்பமும் அறிதலும் ஒரே கணத்தில் நிகழும் இந்த அமைப்பைத்தான் அரிஸ்டாட்டில் மிகச் சிறந்ததாக மதித்தார்.

தமிழில் வேர்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, இழிவுபடுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை என்று அதற்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது. இது உணர்ச்சியின் இலக்கணம். துன்பியலின் இலக்கணம் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்துக்குப் போக வேண்டும்.

துன்பியல் தலைவர் என்றதும் கோவலனையோ கண்ணகியையோதான் பலர் சொல்வார்கள். பாண்டியன் நெடுஞ்செழியனையே சொல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நீதி தவறாதவன் என்ற பெருமையோடு வாழ்ந்த அரசன் அவன். ஊடிய தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். அவ்வளவுதான் அவன் செய்தது. பிறகு அவையில் கண்ணகியின் சிலம்பு உடைகிறது. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து, இங்கே தெறிப்பது மாணிக்கம். அந்த ஒரு பரலைப் பார்த்த கணத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவனைத் தண்டிக்க வேறு யாரும் தேவைப்படவில்லை. எந்த நீதியுணர்வு அவனை நல்ல அரசனாக்கியதோ அதுவே அவனை அரியணையில் உயிர்விட வைக்கிறது. நீதியைப் பற்றிக் கவலைப்படாத அரசனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

இந்தக் கதை 1942-இல் பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த ‘கண்ணகி’யாகவும், 1964-இல் எஸ். எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் நடித்த ‘பூம்புகார்’ ஆகவும் திரைக்கு வந்தது. இரண்டிலும் எடுப்பாக நிற்பது கண்ணகியின் சீற்றமும் அவள் வழக்குரைக்கும் உரையாடலும்தான். அரசனின் அறிதல் அவளுடைய வெற்றிக்குத் துணையாக வந்து போகிறது. உரையாடலின் வலிமையால் வளர்ந்த தமிழ்த் திரை அப்படித் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

நெய்வேலியின் இருபுறமும்

துன்பியல் எது, எது இல்லை என்பதை விளக்க நெய்வேலியைச் சுற்றியுள்ள மண்ணே போதும். நிலக்கரி நகரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரண்டு படங்கள் கிளம்பியிருக்கின்றன.

விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தில் 1993-இல் திருட்டு வழக்கில் பிடித்துச் செல்லப்பட்ட ஒருவர் காவலில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு வழக்கு நடத்தினார். த. செ. ஞானவேல் இயக்கி 2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ இந்த வழக்கிலிருந்து உருவானது. மணிகண்டன் நடித்த ராசாக்கண்ணு அடி வாங்கும் காட்சிகளை முழுதாகப் பார்க்க முடியாமல் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். படம் முடியும்போதோ, சிறுமி ஒருத்தி வழக்கறிஞருக்குச் சமமாகக் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளைப் பிரிக்கிறாள். பார்க்கிறவர் நிமிர்ந்து உட்காருகிறார். இது துன்பியல் ஆகாது. ராசாக்கண்ணு எந்த முடிவும் எடுக்கவில்லை. அவனுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. கொதிப்பை எழுப்பி நீதியில் கொண்டுபோய் நிறுத்துவது இந்தப் படத்தின் வேலை, அதை அது நன்றாகச் செய்கிறது. அரிஸ்டாட்டில் வகுத்த பிரிவில் இது குற்றமற்றவரின் வீழ்ச்சி.

மறுபுறம் பண்ருட்டிப் பக்கம். பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் பூமி. பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான் தம்முடைய ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ நாவலை 2007-இல் படமாக்கினார். சத்யராஜ் மாதவர் என்ற விவசாயியாக நடித்தார். மனைவி வேலாயியாக அர்ச்சனா. ஊர் மதிக்கும் மனிதர், கொடுத்துப் பழகிய கை. பிள்ளைகளோடு மனத்தாங்கல் வந்ததும், எவர் தயவிலும் இருக்க மாட்டேன் என்று மனைவியோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறார். நாசர் நடித்த இஸ்லாமிய நண்பரின் ஆதரவில் மறுபடியும் கால் ஊன்றுகிறார். பிறகு மனைவியும் போய்விடுகிறாள்.

இங்கேதான் துன்பியலின் இலக்கணம் முழுதாகப் பொருந்துகிறது. மாதவரை யாரும் துரத்தவில்லை. வாசற்படியைத் தாண்டியது அவருடைய கால்தான். அதற்கு முந்தைய நாள்வரை ஊர் எதற்காக அவரை வணங்கியதோ அந்தத் தன்மானம்தான் அவரை வெளியே நடக்க வைத்தது. கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம் என்று பார்க்கிறவருக்குத் தோன்றுகிறது. வளைந்திருந்தால் அவர் மாதவராக இருந்திருக்க மாட்டார் என்பதும் அடுத்த கணமே தோன்றுகிறது. இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் துன்பியலின் அடையாளம். தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ரோஷக்காரர் என்று பாராட்டாகவும் குறையாகவும் ஒரே சொல்லைச் சொல்வார்கள். ஹமார்ட்டியாவுக்கு அதைவிட நெருக்கமான சொல் கிடைப்பது கடினம்.

அதே இயக்குநரின் ‘அழகி’ (2002) இதனோடு ஒப்பிடத் தக்கது. சண்முகமும் தனலட்சுமியும் இளமையில் பிரிந்து, வாழ்க்கை வேறு வேறாகிப்போன பின் சென்னையில் மறுபடி சந்திக்கிறார்கள். மனத்தை நீண்ட நாள் வருத்தும் படம் அது. ஆனாலும் அவர்களைப் பிரித்தது ஏழ்மையும் காலமும்தான். அவர்களுடைய செயல் எதுவும் அந்த முடிவைக் கொண்டுவரவில்லை. அதை இரங்கல் என்று சொல்லலாம்.

சாவு வேண்டியதில்லை

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யில் (1982) நாயகனும் நாயகியும் உயிரோடுதான் இருக்கிறார்கள். நினைவிழந்து குழந்தையாகிவிட்ட விஜியைச் சீனு காப்பாற்றுகிறான். சிகிச்சைக்கும் அவனே கொண்டுபோய்ச் சேர்க்கிறான். சிகிச்சை பலிக்கிறது. பலித்ததனாலேயே அவனுடன் வாழ்ந்த நாட்கள் அவளுடைய நினைவிலிருந்து அழிந்துபோகின்றன. கேத்தி ரயில் நிலையத்தில் மழையில், அடிபட்ட காலோடு, அவளுக்குப் பிடித்த குரங்கு வித்தையை அவன் செய்து காட்டுகிறான். ஜன்னலோரம் இருப்பவள் யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். நன்மையை நாடிய செயல் நேர்மாறாக முடியும் திருப்பத்துக்குத் தமிழ்த் திரையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அறிதலை இயக்குநர் தலைகீழாக்கியிருப்பது இதன் தனிச்சிறப்பு. கிரேக்க நாடகத்தில் தெரியாதவர் தெரிந்தவராகிறார். இங்கே தெரிந்தவனை அவள் தெரியாதவனாகப் பார்க்கிறாள்.

கொடியவனும் துன்பியல் தலைவன் ஆகலாமா? மாக்பெத்தை வைத்து மேற்கில் நெடுங்காலமாகப் பேசப்பட்டது இது. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) தமிழில் அதே கேள்வியைக் கேட்கிறது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த படம். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு படம் நெடுகக் கொடுமைக்காரன். ஊர் அவனைச் சூழ்ந்து ஆற்றில் இறங்கச் சொல்லும்போது, நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன், இதுதான் நான் செய்த பெரிய தப்பு என்ற பொருளில் பேசுகிறான். அந்தப் பேச்சு வரை அவன் வில்லன்தான். தன்னைத் தானே கண்டுகொண்ட பிறகு வில்லன் என்ற சொல் அவனுக்குப் போதவில்லை. கரையில் இரண்டு குழந்தைகள் நிற்கின்றன.

எளியவர்களின் துன்பியல்

மன்னர்களுக்கும் பெருங்குடியினருக்கும் மட்டுமே துன்பியல் உரியது என்ற பழைய கருத்தை அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1949-இல் மறுத்தார். தன் மானத்தைக் காக்க உயிரையும் கொடுக்கத் துணியும் எந்தச் சாதாரண மனிதனும் அதற்கு உரியவன் என்பது அவர் வாதம். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மலையேறிச் சுமை தூக்கும் ரங்கசாமி சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு துண்டு நிலம் வாங்குகிறான். கடன் அதை விழுங்குகிறது. முடிவில் தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே அவன் சீருடை அணிந்த காவலாளி. அவனிடம் பெரிய தவறு எதையும் காட்ட முடியாது என்பதால் சிலர் இதைத் துன்பியலில் சேர்ப்பதில்லை. நிலத்தின் மேல் வைத்த ஆசையும் கடன் கொடுத்தவரை நம்பியதும் அவனுடைய செயல்கள்தானே என்று கேட்பவர்களின் பக்கமே நியாயம் அதிகம்.

நிலம் என்று வந்ததும் பேச்சு நெய்வேலிக்கே திரும்புகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. அதை வெட்டியெடுக்க 1956-இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. சுற்றிலும் இருந்த கிராமங்கள் நிலம் கொடுத்தன. நிலம் கொடுத்தவர் வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை வேண்டும் என்ற குரல் இன்றுவரை ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் அந்த நிறுவனம் வாய்க்கால் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகமே பார்த்தது.

வளையமாதேவியை வைத்துப் படம் எடுத்தால் அது ‘ஜெய் பீம்’ வழியில் போகும். போக வேண்டியதும் அதுதான். துன்பியலுக்கு வேறொரு மனிதர் வேண்டும். யாரும் வற்புறுத்தாமல், நாட்டுக்கு மின்சாரம், மகனுக்கு வேலை என்று நம்பி, அக்கம்பக்கத்தாரையும் இணங்கச் செய்து முதல் கையெழுத்தைப் போட்ட ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் ஏமாளியாக இருக்கக் கூடாது. அவர் நம்பியதில் பாதி உண்மையாகவும் ஆக வேண்டும்: விளக்கு எரிய வேண்டும், நகரத்தில் மகனுக்குக் குவார்ட்டர்சும் கிடைத்திருக்க வேண்டும். அவர் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவரின் மகன் ஒப்பந்தத் தொழிலாளியாகவே முதுமை அடைய வேண்டும்.

அறிதல் காட்சிக்கு வசனம் தேவைப்படாது. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண் முழுவதும் அள்ளப்பட்டு, நிலத்தடி நீர் இரவும் பகலும் இறைக்கப்பட்டு, தரை வெகு கீழே இறங்கிக் கிடக்கிறது. பெரியவரை மகன் ஒரு நாள் சுரங்கத்தின் அடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அவர் தம் கிணறு இருந்த இடத்தைத் தேடுகிறார். கீழே தேடிப் பயனில்லை. அது இருந்த இடம் அவர் தலைக்கு மேலே, வெறும் காற்றில் இருக்கிறது. அங்கே பார்க்க அவர் கழுத்தை நிமிர்த்த வேண்டும்.