கிடை

எங்கள் அப்பத்தா மூன்று வருடம் கிடையில் கிடந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள். "வயசாயிருச்சுல்ல" என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை, ஓர் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. ஆட்டுக்கும் கிடை உண்டுதான். ஆனால் அது விடிந்தால் எழுந்து மேயப் போய்விடும்.

இங்கிலாந்தில் இப்படிக் கிடந்தவர்களை 'நாள்பட்ட நோயாளி' என்றார்கள். அந்தப் பெயர் விழுந்தபிறகு வைத்தியம் நின்றுவிடும், சோறும் படுக்கையும் மட்டும் மிஞ்சும். 1935இல் லண்டனின் மேற்கே ஐசில்வொர்த்தில் உள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் ஏழைகளுக்காக இருந்த பழைய நோயாளர் விடுதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே 714 பேர். அவர்களைப் பார்க்கும் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. வயது நாற்பதைத் தொட்டிருக்கவில்லை, அறுவை சிகிச்சையில் நாட்டம் உள்ளவர். ஆண் மருத்துவர்கள் போட்டிபோட்டுக் கேட்ட வேலையாக அது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வாரன் செய்த முதல் காரியம், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தது. இதைச் சாதனையாக எழுத வேண்டியிருப்பதுதான் விஷயம். பக்கவாதம் வந்தவர்கள், கால் எடுக்கப்பட்டவர்கள், மனம் குழம்பியவர்கள், எழுந்து நடமாடக்கூடியவர்கள் என எல்லாரும் கலந்து கிடந்தார்கள். அவர்களை இனம் பிரித்தார். வார்டுகளுக்கு வெளிச்சமும் புது வண்ணமும் வந்தன. பிடித்து நடக்கக் கைப்பிடிகள் வந்தன, உட்கார நாற்காலிகள் வந்தன. பகலில் எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார்கள். கிடையில் இருந்தவர்கள் பலர் எழுந்தார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். காலப்போக்கில் படுக்கைகள் 240 ஆகக் குறைந்தன.

1943இலும் 1946இலும் அவர் எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு அடிப்படையாயின. நோயால் படுக்கிறவர்கள் படுத்தே நோயாளியாகிறார்கள் என்பதை அவர் வார்டிலேயே பார்த்திருந்தார். தசை கரைகிறது, மூட்டு இறுகுகிறது, படுக்கைப்புண் வருகிறது, கடைசியில் எழ வேண்டும் என்ற எண்ணமே போய்விடுகிறது. முதியவர்களைப் பொது மருத்துவமனையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும், மருத்துவ மாணவர்களுக்கு இதைப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடினார்.

வாரன்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் வீட்டுக்குப் போனவர்களை வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி எனக்கு விடாமல் இருந்தது. அதற்குப் பதில் மருத்துவக் கட்டுரைகளில் இல்லை, ஒரு சமூகவியல் ஆய்வில் இருந்தது. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் முதியவர்களின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்து பீட்டர் டவுன்சென்ட் 1957இல் ஒரு நூல் வெளியிட்டார். சமைத்ததும் துவைத்ததும் நோயில் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் மகள்கள், உறவுக்காரப் பெண்கள். காலியான படுக்கைகளுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தப் பெண்களின் இரவுகளை யாரும் எண்ணி வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் அது அம்மா. அப்பத்தாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, அலசிக் காயப்போட்டு, பிறகு வயலுக்கும் போவார். போன மாதம் அவரை முதுகுவலிக்கு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எத்தனை நாளாக வலி என்று மருத்துவர் கேட்டார். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அத்தை கிடையில விழுந்த வருசத்துல இருந்துங்க."