‘லெக் புல்லிங்’ என்றால் காலை வாருவதா? ஆங்கில மரபுத்தொடர்களை இந்தி வழியே படிக்கும் தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

வண்டிப்பெரியார்: ‘புல்லிங் யுவர் லெக்’ என்ற ஆங்கிலத் தொடரின் பொருள் என்ன? ‘காலை வாரிவிடுதல்’ என்று விடையளிக்கும் தமிழ் மாணவர் போட்டித் தேர்வில் மதிப்பெண்ணை இழப்பார். விளையாட்டாகக் கேலி செய்தல் என்பதே அத்தொடரின் பொருள். தமிழில் காலை வாருவது நம்பியவரைக் கைவிடும் துரோகம்; ஆங்கிலத்தில் காலை இழுப்பது நண்பர்களிடையே நடக்கும் வேடிக்கை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீர்மேடு வட்டத்தில் அமைந்துள்ள வண்டிப்பெரியார் போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு சுற்று கூடுகிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், கடைவீதியிலும் அலுவலகங்களிலும் மலையாளமும் பேசுகின்றனர். கேரள அரசுப் பாடத்திட்டத்தின்படி 5 ஆம் வகுப்பு முதல் இந்தியும் படிக்கின்றனர். குமுளியைக் கடந்து தேனி மாவட்டத்துக்குள் நுழைந்தால், 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தி எழுத்தே பழக்கமில்லை. எனவே இணையத்தில் பெருமளவில் கிடைக்கும் ‘இந்திப் பொருளுடன் ஆங்கில மரபுத்தொடர்கள்’ என்னும் பட்டியல்கள், எல்லைக்கு இப்பாலுள்ள தமிழ் மாணவருக்கே உண்மையில் பயன்படக்கூடியவை. அவரே அவற்றால் தடுமாறவும் கூடியவர்.

மதிப்பெண் கணக்கு

பணியாளர் தேர்வு ஆணையத்தின் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரி நிலை முதற்கட்டத் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 25 வினாக்கள், 50 மதிப்பெண்கள். ஒரு சரியான விடைக்கு 2 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிக்கப்படும். மரபுத்தொடர் வினாக்கள் இப்பகுதியில் வழக்கமாக இடம்பெறுபவை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் மூன்று தவறான விடைகள் ஒரு சரியான விடையின் மதிப்பெண்ணை விழுங்கிவிடும்.

மொழிச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் வழங்கும் வழக்கம் கேரளத்தில் உண்டு. மத்திய அரசின் சில தேர்வுகளும் 2023 முதல் தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளில் நடத்தப்படுகின்றன. ஆயினும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கும். அங்கு மொழிபெயர்ப்பு துணைக்கு வராது.

உடலுறுப்புத் தொடர்களே பெரும் பொறி

காலை இழுக்கும் தொடருக்கு இந்திப் பட்டியல்கள் பெரும்பாலும் ‘டாங் கீஞ்ச்னா’ என்று பொருள் தருகின்றன. சொல்லுக்குச் சொல் பொருத்தம்தான். ஆனால் இந்தியில் இத்தொடருக்கு இரு முகங்கள் உள்ளன: கேலி செய்தல் என்றும் பொருள், ஒருவரை முன்னேறவிடாமல் தடுத்தல் என்றும் பொருள். தமிழ் மாணவர் இரண்டாவது பொருளையே பற்றிக்கொள்வார், ஏனெனில் அது ‘காலை வாருதல்’ என்பதற்கு அருகில் நிற்கிறது. மலையாளத்தில் தேர்தல் காலந்தோறும் செய்திகளில் அடிபடும் ‘காலுவாரல்’ என்ற சொல்லும் உட்கட்சித் துரோகத்தையே குறிக்கும். ஆக, வண்டிப்பெரியார் மாணவருக்குத் தெரிந்த மூன்று இந்திய மொழிகளும் சேர்ந்து அவரைத் தவறான விடைக்கு அழைத்துச் செல்கின்றன. இக்கட்டுரையாளரும் பயிற்சிக் காலத்தில் இதே தொடரைத் துரோகமாக மொழிபெயர்த்துத் திருத்தப்பட்டதுண்டு.

எடுத்துக்காட்டு: ‘டோன்ட் வொர்ரி, ஹி வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்.’ கவலைப்படாதே, அவர் உன்னைச் சும்மா கேலி செய்தார்.

அடுத்தது ‘கோல்ட் ஷோல்டர்’. தமிழில் தோள் கொடுப்பது துணை நிற்பது. ஆங்கிலத்தில் ‘குளிர்ந்த தோள்’ தருவது, வேண்டுமென்றே ஒருவரைக் கண்டுகொள்ளாமல் புறக்கணிப்பது. இந்திப் பட்டியல் இதற்கு ‘உபேக்ஷா கர்னா’ என்று சரியாகவே எழுதுகிறது. அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இந்தியில் உபேக்ஷா என்பது புறக்கணிப்பு. மலையாளத்தில் ‘உபேக்ஷிக்குக’ என்பது அடியோடு கைவிடுதல். ‘ஷி கேவ் மீ தி கோல்ட் ஷோல்டர் அட் தி மீட்டிங்’ என்ற வாக்கியம், கூட்டத்தில் அவர் என்னைக் கண்டும் காணாததுபோல் இருந்தார் என்று மட்டுமே சொல்கிறது. உறவு முறிந்தது என்று சொல்லவில்லை.

இத்தகைய வடசொற்கள் பல. ‘சிக்ஷா’ இந்தியில் கல்வி, மலையாளத்தில் தண்டனை. ‘அவகாஷ்’ இந்தியில் விடுமுறை; தமிழில் அவகாசம் என்பது கால இடைவெளி; மலையாளத்தில் அவகாசம் என்பது உரிமை. இந்திப் பொருள் நிரலில் தெரிந்த சொல் ஒன்று தென்பட்டால், அது எந்த மொழியில் தெரிந்த சொல் என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்வது நல்லது.

‘சீ ஐ டு ஐ’ என்பது கண்ணோடு கண் நோக்குவதோ காதலோ அன்று; கருத்து ஒத்துப்போதல். பெரும்பாலும் எதிர்மறையில் வரும்: ‘வி டூ நாட் சீ ஐ டு ஐ ஆன் திஸ் மேட்டர்’, அதாவது இவ்விஷயத்தில் எங்களுக்குள் கருத்தொற்றுமை இல்லை.

இந்தி கைகொடுக்கும் இடங்கள்

இந்தி வழியே படிப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை. ‘ஹேண்ட் இன் கிளவ்’ என்பதைத் தமிழ் மாணவர் ‘கைகோத்தல்’ என்று நல்லெண்ணத்துடன் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அத்தொடர் பெரும்பாலும் தவறான செயலுக்கான கூட்டைச் சுட்டுகிறது. இந்தியில் தரப்படும் ‘மிலீபகத்’ என்ற சொல் அந்தக் கள்ளக்கூட்டின் வாடையுடன் வருவதால் இங்குத் தமிழைவிடச் சரியான வழிகாட்டி.

‘ஸ்பில் தி பீன்ஸ்’ என்பது மறைத்து வைத்ததை வெளியே சொல்லிவிடுதல். இந்தியில் ‘பாண்டா ஃபோட்னா’, பானையை உடைத்தல். நாமும் ‘உண்மையைப் போட்டுடைத்தார்’ என்கிறோம். பயறு சிந்தினாலும் பானை உடைந்தாலும் செய்தி ஒன்றே.

‘எ பேட் வொர்க்மேன் பிளேம்ஸ் ஹிஸ் டூல்ஸ்’ என்ற பழமொழி கருவியைக் குறைசொல்லும் தொழிலாளியைப் பற்றியது. இந்தியில் ‘நாச் ந ஜானே ஆங்கன் டேடா’, ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல். தமிழில் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வடக்கும் தெற்கும் ஒரே நடனக்காரியைக் கண்டிருப்பது வியப்புதான். இப்படி இந்தியும் தமிழும் ஒரே காட்சியைக் காட்டும் இடங்களில் ஆங்கிலத் தொடரை ஒரு முறை படித்தாலே மனத்தில் நிற்கும்.

‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பதன் பொருள், ஒரு பொருள் மிகுந்து கிடக்கும் ஊருக்கே அதைக் கொண்டு செல்லுதல். நியூகாசில், வட இங்கிலாந்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற நகரம். இந்தியில் அதன் இணை ‘உல்டே பாங்ஸ் பரேலி கோ’. உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்புதல். தமிழில் கொல்லன் தெருவில் ஊசி விற்றல். திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்போரும் உண்டு. ஆனால் ‘அல்வா கொடுத்தல்’ ஏமாற்றுவதையும் குறிப்பதால் தேர்வுக் குறிப்பேட்டில் ஊசியே பாதுகாப்பு. பீர்மேட்டு மாணவர் தமக்கென ஓர் எடுத்துக்காட்டை எழுதிக்கொள்ளலாம்: ‘செல்லிங் டீ லீவ்ஸ் இன் வண்டிப்பெரியார் இஸ் லைக் கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்.’

பொருள் ஒன்று, காட்சி வேறு

முகத்துதி செய்வதை ஆங்கிலம் ‘பட்டர் அப்’ என்கிறது, இந்தி ‘மக்கன் லகானா’ என்கிறது, இரண்டும் வெண்ணெய். தமிழர் ஐஸ் வைக்கிறார், மலையாளி சோப்பு இடுகிறார். ஒரே முயற்சியில் இரு பலன் பெறுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு கல்லில் இரண்டு பறவைகள், தமிழில் ஒரு கல்லில் இரண்டு மாங்காய், மலையாளத்தில் ஒரு வெடிக்கு இரண்டு பட்சி, இந்தியில் ஓர் அம்பில் இரண்டு இலக்கு. இவற்றில் குழம்ப எதுவுமில்லை, விரைந்து கடந்துவிடலாம்.

‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ சற்று நின்று பார்க்க வேண்டியது. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவை ‘நீல நிலா’ என்பர். சராசரியாக இரண்டரை முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை நிகழும். இந்திப் பட்டியல்கள் ‘ஈத் கா சாந்த்’, அதாவது ஈத் பெருநாள் பிறை என்று எழுதுகின்றன. அது நெடுநாளாகக் காணக் கிடைக்காத ஆளைக் குறிக்கும் தொடர். ஆங்கிலத் தொடரோ செயல் எவ்வளவு அரிதாக நிகழ்கிறது என்பதைச் சொல்வது. ‘ஹி விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்பதற்குத் தமிழின் ‘அத்தி பூத்தாற்போல’ என்பதே இலக்கணத்திலும் பொருந்துகிறது. இடுக்கி மாவட்டத்தினருக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை, மூணாறு மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி. 2006 இலும் 2018 இலும் அது பூத்தது. நீலம் என்ற சொல்லும் உடன் வருவதால் மறப்பது கடினம்.

செய்தித்தாள் தமிழும் சில நேரம் வழிதவறச் செய்யும். ‘பிளாக் ஷீப்’ என்பதை நாம் ‘கறுப்பு ஆடு’ என்று அப்படியே எடுத்துக்கொண்டு, துறைக்குள் இருந்தபடி தகவலைக் கசியவிடுபவரைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் குடும்பத்துக்கோ குழுவுக்கோ அவப்பெயர் தேடித் தருபவரே கறுப்பு ஆடு. விடைத் தெரிவுகளில் ‘துரோகி’ என்று ஒன்று இருந்தால் விலகிச் செல்க.

தேயிலைத் தோட்டத்துக்கு உரியவை

‘நாட் மை கப் ஆஃப் டீ’ பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய வழக்கு. எனக்கு அதில் விருப்பமில்லை என்று நாகரிகமாக மறுப்பது. இந்தியில் ‘மேரே பஸ் கீ பாத் நஹீன்’ என்று சிலர் பொருள் எழுதுவதுண்டு. அது ‘என்னால் இயலாது’ என்றாகிவிடும். விருப்பமின்மை வேறு, இயலாமை வேறு. ‘கிரிக்கெட் இஸ் நாட் மை கப் ஆஃப் டீ’ என்பவர் நன்றாக ஆடக்கூடியவராகவும் இருக்கலாம்.

‘ஸ்டார்ம் இன் எ டீகப்’, தேநீர்க் கோப்பையில் புயல், அற்ப விஷயத்துக்கு எழும் பெரிய அமளி. அமெரிக்கர்கள் கோப்பைக்குப் பதில் தேநீர்க் கெண்டியைச் சொல்வார்கள்: ‘டெம்பெஸ்ட் இன் எ டீபாட்’. நம்மவர் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அகராதி இல்லாமலே விளங்க வேண்டிய ஒன்று ‘பாஸ் மஸ்டர்’. தொழிலாளர்கள் காலையில் கூடிப் பெயர் கொடுத்து அன்றைய வேலையைப் பெறும் ‘மஸ்டர்’ என்ற சொல்லை அவர்கள் பேசத் தொடங்கிய நாள் முதல் கேட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் மஸ்டர் என்பது படைவீரர்களை வரிசையில் நிறுத்திப் பார்வையிடுவது. அதில் தேறுவதே ‘பாஸ் மஸ்டர்’. இன்று எந்தத் தரச் சோதனையிலும் ஏற்கத்தக்கதாக அமைவதை அது குறிக்கிறது. எடுத்துக்காட்டு: ‘தி லீஃப் வாஸ் டூ கோர்ஸ் டு பாஸ் மஸ்டர் அட் தி ஃபேக்டரி.’ பறித்த கொழுந்து முற்றியிருந்ததால் தொழிற்சாலையில் தேறவில்லை.