கடப்பா கல்லிலிருந்து குவார்ட்ஸ் வரை: கிச்சன் மேடையின் கதை

1/ "கிச்சன் மேடைக்கு கிரானைட் போடலாமா, குவார்ட்ஸ் போடலாமா?" வீடு கட்டுறவங்க, ஃப்ளாட் வாங்குறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி. கடைக்காரர் விலை, கறை, பளபளப்பு பத்திச் சொல்வார். டாக்டரா நான் சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அது புரிய நம்ம சமையலறையோட வரலாறு கொஞ்சம் தெரியணும். இழை நீளம், பொறுமையா படிங்க.

2/ மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்து பழைய வீடுகளில் பெரும்பாலும் சமையல் தரையில்தான். மண் அடுப்பு, பக்கத்துல கொடி அடுப்பு, காபிக்குக் குமுட்டி. நறுக்க அரிவாள்மனை, அரைக்க அம்மி. எல்லாமே உட்கார்ந்து செய்யுற வேலை. விறகுப் புகை முழுக்க சமைக்கிற பெண்ணோட நெஞ்சுக்குள்ள போச்சு. சிகரெட்டே தொடாத பாட்டிகளுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வர அந்தப் புகையும் ஒரு முக்கியக் காரணம்.

3/ நம்மை எழுந்து நிக்க வெச்சது கேஸ். இந்தியன் ஆயில் 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் சிலிண்டர் கொடுக்க ஆரம்பிச்சது. பிறகு மெட்ராஸ் வீடுகளுக்கும் பரவுச்சு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிஞ்சா தரையோடு தங்கும். அதனால சிலிண்டர் கீழே, அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும். தி.நகர், அடையாறு பக்கம் புதுசா எழும்பின வீடுகளில் இடுப்பளவு மேடை வழக்கமாச்சு.

4/ அந்த மேடை மேல போட்டது கடப்பா கல். ஆந்திராவின் கடப்பா பகுதியில் கிடைக்கிற கறுப்பு சுண்ணாம்புப் பாறை. அடுக்கடுக்கா படிஞ்ச பாறைங்கறதால பலகை மாதிரி பிரிச்சு எடுக்கலாம். மெட்ராஸ்–பம்பாய் ரயில் பாதை கடப்பா வழியாதான் போகுது. விலை மலிவு. மேடை மட்டுமில்ல, அலமாரித் தட்டு, பரண் எல்லாத்துக்கும் இதே கல்தான்.

5/ இதோட பலவீனம் நம்ம சமையல். சுண்ணாம்புக் கல்லில் அமிலம் பட்டா அரிக்கும். புளித் தண்ணி, எலுமிச்சை, மோர் சிந்தின இடமெல்லாம் வெளுத்துப் போகும். ரசம் வைக்கிற ஊருக்கு இது கொஞ்சம் கஷ்டமான கல்! தேங்காய் எண்ணெய் தேய்ச்சுத் துடைச்சு கறுப்பாக்குற பழக்கம் உங்க வீட்லயும் இருந்திருக்கலாம்.

6/ அடுத்து கிரானைட். கருங்கல் நமக்குப் புதுசில்ல. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்கு உலகப் பெயரே உண்டு: சார்னக்கைட். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான்னு பார்த்து, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வெச்ச பேரு. கோயில், அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் கருங்கல்தான். ஆனா அதை மெல்லிசா அறுத்துப் பளபளன்னு பாலிஷ் போட மெஷின் வேணும்.

7/ 1970களின் கடைசியில் தமிழக அரசோட டாமின் நிறுவனம் வந்துச்சு. கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் குன்னம் கற்கள் வெளிநாட்டுக்குப் போச்சு. வைர பிளேடு பரவப் பரவ, அதே கல் நம்ம ஃப்ளாட்டுகளுக்கும் வந்துச்சு. சூடு தாங்கும், புளியும் ஒண்ணும் பண்ணாது. இன்னிக்கும் நம்ம சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான கல் எனக்குத் தெரியல.

8/ கடைசியா குவார்ட்ஸ். இது மலையில் வெட்டுன கல் இல்ல, ஆலையில் செஞ்சது. குவார்ட்ஸ் தூளும் பிசினும் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அதிர வெச்சு அழுத்துவாங்க. 1970களில் இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் கொண்டு வந்த முறை. வெள்ளை வெளேர்னு, ஒரே சீரா, கறை படியாம இருக்கும். இப்போ அடையாறு ஃப்ளாட்டுகளிலும் இதுதான் ஃபேஷன்.

9/ இப்போ என் விஷயத்துக்கு வரேன். குவார்ட்ஸ்னா படிகச் சிலிகா. இந்தச் செயற்கைக் கல்லில் அது 90% வரை, சிலதில் அதுக்கும் மேல. சாதாரண கிரானைட்டில் சுமார் 25–40%. மார்பிளில் ரொம்பக் குறைவு. கடையில் பிளாக் கிரானைட்னு சொல்ற பல கற்கள் உண்மையில் டோலரைட், கேப்ரோ வகை. அதுல சிலிகாப் படிகம் கொஞ்சம்தான்.

10/ பயப்படாதீங்க, மேடையில் சமைக்கிறவங்களுக்கு இதனால ஆபத்து இல்ல. ஆபத்து வெட்டுறவருக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலின் காற்றுப்பை வரை போகும். அதை விழுங்குற செல் செத்துப் போகும், தூள் அப்படியே இருக்கும், அடுத்த செல் வந்து விழுங்கும். இப்படியே தழும்பு ஏறி நுரையீரல் இறுகும். பேரு சிலிகோசிஸ். குணமாக்குற மருந்து இல்ல. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம்.

11/ இது நமக்குப் பழைய நோய். கோலார் தங்க வயலில் வேலை செஞ்சவங்களில் வட ஆற்காட்டுத் தமிழர்கள் ஏராளம். 1947-ல் வெளியான ஆய்வில் 7,653 சுரங்கத் தொழிலாளர்களில் 43.7% பேருக்கு சிலிகோசிஸ். 1948 தொழிற்சாலைகள் சட்டம் இதை அறிவிக்க வேண்டிய நோய்னு வெச்சது. பார்க்கிற டாக்டரும் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கணும்னு 89-ஆம் பிரிவு சொல்லுச்சு.

12/ சுரங்கத்தோட முடியும்னு உலகம் நினைச்ச நோய், கிச்சன் மேடை வழியா திரும்பி வந்துச்சு. 2012-ல் இஸ்ரேல் டாக்டர்கள் செயற்கைக் கல் வெட்டின 25 நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. அதுல சிலருக்கு நுரையீரலையே மாத்த வேண்டியிருந்துச்சு. ஆஸ்திரேலியாவில் இளம் வயசுக்காரங்களுக்கே வந்துச்சு. 2024 ஜூலை 1 முதல் அந்த நாடு இந்தக் கல்லைத் தடை செஞ்சது. உலகத்திலேயே முதல் தடை.

13/ நம்ம ஊர்ல என்ன நடக்குது? ஃப்ளாட் வாசலிலோ கார் பார்க்கிங்கிலோ ஒரு தம்பி குனிஞ்சு சிங்க்குக்கு ஓட்டை வெட்டுறார். தண்ணி இல்ல, முகத்தில் வெறும் கைக்குட்டை. நாம கதவைச் சாத்திட்டு உள்ள போயிடறோம். சில வருஷம் கழிச்சு இருமல், மூச்சு வாங்கல், எடை குறைவு. எக்ஸ்ரே பார்த்தா டி.பி. மாதிரியே தெரியலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வர்ற வாய்ப்பும் அதிகம். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

14/ அதனால நோயாளியிடம் "என்ன வேலை பண்றீங்க?"ன்னு கேக்கணும். 1700-ல் இத்தாலி டாக்டர் ரமாஸினி தொழில் நோய்கள் பத்தின நூலில் வலியுறுத்தின கேள்வி இது. நெரிசலான ஓ.பி.யில் முதல்ல விட்டுப் போறதும் இந்தக் கேள்விதான். கல் வேலை செய்யுறவங்களே, டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

15/ வீடு கட்டுறவங்களுக்கு:
• கறுப்பு கிரானைட் நல்ல தேர்வு. பட்ஜெட் கம்மின்னா கடப்பாவும் தப்பில்ல, புளி சிந்தினா உடனே துடைங்க.
• குவார்ட்ஸைத் தவிர்க்க முடிஞ்சா தவிருங்க.
• எந்தக் கல்லா இருந்தாலும் சிங்க், அடுப்பு அளவை முன்னாடியே கொடுத்து கடையிலேயே தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க.
• வீட்டில்தான் வெட்டணும்னா தண்ணிக் குழாயும் என்95 மாஸ்க்கும் கொடுங்க. தூளைக் காய்ஞ்ச துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைங்க.

16/ தரை அடுப்பிலிருந்து மேடைக்கு வந்ததில் நம்ம வீட்டுப் பெண்களுக்குப் புகை குறைஞ்சது, நல்ல விஷயம். அந்த மேடைக்காக இன்னொரு வீட்டுப் பையனுக்கு மூச்சு போகக் கூடாது. ஒரு பக்கெட் தண்ணிக்குப் பெரிய செலவு ஆகாது. வீட்டு வேலை நடக்குற நண்பர்களுக்கு அனுப்புங்க.