பொருளாதார மந்தமும் சட்டமன்ற மௌனமும்: பீடோர் வட்டாரத்தை முன்வைத்து, 1930–1938

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் சட்டமியற்றுவோர் செய்வதறியாது கைகட்டி நின்றனர் என்று கருதும் போக்கு நம்மிடையே உண்டு. இக்கருத்து நமக்கு உடன்பாடானதன்று. அவர்கள் செயற்பட்ட இடங்களும் வாளாவிருந்த இடமும் எவை என்று நோக்கின், அம்மௌனம் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பது புலனாகும்.

பேரா மாநிலத்துப் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அமைந்த பீடோர், ஈயலம்பங்களும் இரப்பர்த் தோட்டங்களும் அருகருகே இருந்த ஊர். ஆதலின் இவ்வேறுபாட்டை இவ்வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். ஈயத்தின் விலை சரிந்ததும் 1931-இல் அனைத்துலக ஒப்பந்தத்தின்வழி உற்பத்தி சட்டப்படி மட்டுப்படுத்தப்பட்டது. இரப்பருக்கும் இது புதிதன்று. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கியது. 1929-இல் இறாத்தலுக்கு ஏறத்தாழ 34 காசாக இருந்த இரப்பர் 1932-இல் 7 காசளவுக்கு வீழ்ந்தபின், 1934-இல் மீண்டும் ஓர் அனைத்துலகக் கட்டுப்பாடு வந்தது. ஆக, சந்தையில் சட்டம் தலையிடலாகாது என்னும் கொள்கை எவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

தொழிலாளரின் கூலிக்கும் சட்டம் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்கீழ்த் தரக்கூலி நிர்ணயிக்கப்பட்டு, முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலி என வகுக்கப்பட்டிருந்தது. 1930-இல் அவை முறையே 40, 32 காசுகளாகக் குறைக்கப்பட்டன. நடைமுறையில் கூலி அதற்கும் கீழே இறங்கியபோது சட்டம் கண்டுகொள்ளவில்லை. தொழிலாளியைக் காக்க எழுந்த ஏற்பாடு கூலியைக் குறைக்க விரைந்து பயன்பட்டது. குறைத்த கூலியையேனும் உறுதிசெய்யப் பயன்படவில்லை. இதுவே நாம் சுட்டும் மௌனம்.

குறைந்த கூலியை ஏற்க இயலாதோருக்குக் கப்பல் காத்திருந்தது. 1930 முதல் 1932 வரை ஏறத்தாழ 190,000 இந்தியர் பொதுச் செலவில் தமிழகம் முதலிய பகுதிகளுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வேலையின்மைச் சிக்கலே இதனால் பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. கண்ணுக்குத் தெரியாத துன்பத்திற்குத் தீர்மானம் கொண்டுவருவார் யார்?

கோலாலம்பூரில் கூடிய பெடரல் கவுன்சிலில் வாக்கால் வந்தவர் ஒருவரும் இலர். அதிகாரிகளுடன், தோட்டத்துறை, சுரங்கத்துறை நலன்களைச் சார்ந்த நியமன உறுப்பினர்கள் அமர்ந்திருந்தனர். 1928-இல் நியமனம் பெற்ற வழக்கறிஞர் எஸ்.என். வீராசாமியே அங்கு இடம்பெற்ற முதல் இந்தியர். இலட்சக்கணக்கான பால்வெட்டுத் தொழிலாளர்க்கு ஒரே குரல். அதுவும் அவர்கள் தெரிந்தெடுத்த குரலன்று.

1936 இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி பழைய கூலியை மீட்கப் பரிந்துரைத்தார். 1937-இல் அது மீண்டது. மறு ஆண்டே இரப்பர் விலை சரிய, கூலி 45, 36 காசுகளாக மறுபடியும் வெட்டப்பட்டது. 1938 சூனில், உதவிபெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் புறப்படுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அத்தடையை விதித்தது இந்திய அரசாங்கம். கோலாலம்பூர்ச் சட்டமன்றம் அன்று.